வெசாக் இரவிலிருந்து 64ஆவது வாரம் வரை: திக்கும் பிள்ளை ஒருவனின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பிள்ளை தனி ஒருவன் அல்ல. கொழும்புத் தமிழ் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி. வாராந்தப் புள்ளிகளும் அப்படித்தான். சிகிச்சை முறையும் அதன் அளவுகோல்களும் ஆய்வு முடிவுகளும் நடைமுறையில் உள்ளவை. வசதிக்காக அவனைச் சின்னவன் என்போம்.

வந்தபோது

ஜனவரி முதல் கிழமை எங்கள் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்கு வந்தான். வயது 3 வருடம் 10 மாதம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. அம்மா, அப்பா, அம்மம்மா, ஏழு வயது அக்கா, ஐந்து மாதத் தங்கச்சி. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், நேசரியில் ஆங்கிலம், வான் சாரதியோடும் கீழ்மாடிப் பிள்ளைகளோடும் சிங்களம்.

"கதைக்கத் தொடங்கேக்க மட்டும்தான் மிஸ் இழுபடுது, பிறகு நல்லா வரும்" என்பது அம்மா சொன்னது. ஊரில் இதைக் கொன்னை என்பார்கள், எழுத்தில் திக்குவாய். இரண்டும் பட்டப்பெயராகி ஒட்டிக்கொள்ளும் சொற்கள் என்பதால் இங்கே திக்குதல், திக்கல் என்றே எழுதுகிறோம்.

முதல் சந்திப்பில் அதிக நேரம் எடுத்தது பிள்ளையின் பேச்சைக் கேட்பதற்கு அல்ல, ஒரு திகதியைக் கண்டுபிடிப்பதற்கு. எப்போது தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் மூன்று பதில் இருந்தது. தங்கச்சி பிறந்த ஏக்கம் என்றார் அம்மா. அவள் பிறந்தது ஆகஸ்டில். டிசம்பரில் கனடாவிலிருந்து வந்து நின்ற மாமாவைப் பார்த்துப் பழகிவிட்டான் என்றார் அம்மம்மா. அம்மாவின் தம்பியான அந்த மாமா முப்பது வயதிலும் திக்குபவர். நேசரியில் ஆங்கிலம் தொடங்கியதுதான் காரணம் என்றார் அப்பா.

கைத்தொலைபேசியில் வீடியோ தேடச் சொன்னோம். மார்ச் மாதப் பிறந்தநாள் வீடியோவில் "எனக்குத்தான் பெரிய துண்டு" என்று தடையில்லாமல் சொல்கிறான். அப்போது நேசரிக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மே மாதம், கங்காராமைப் பக்கம் வெசாக் பார்க்கப் போன இரவு: "அ-அ-அ-அங்க லைட் பாருங்கோ". அன்றைய இன்னொரு வீடியோவிலும் இரண்டு இடத்தில் அதே. ஆக, தொடக்கம் ஏறத்தாழ 3 வருடம் 2 மாதத்தில். தங்கச்சி பிறக்க மூன்று மாதம் முன்னர், மாமா வர ஏழு மாதம் முன்னர்.

திகதி சரியானதும் இரண்டு குற்றச்சாட்டுகள் தாமாக விழுந்தன. அதைவிட முக்கியமாக, திக்கல் தொடங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது தெரிந்தது. அம்மாவும் அம்மம்மாவும் அதைவிடக் குறைவு என்றே நினைத்திருந்தார்கள்.

எட்டு மாதம் எப்படிப் போனது

செப்டம்பரில் ஒரு அரசாங்க வைத்தியசாலையின் பேச்சு சிகிச்சைப் பிரிவில் திகதி கிடைத்திருந்தது. அந்த இரண்டு கிழமையும் சின்னவன் நல்லாகக் கதைத்தான். போகவில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் திரும்ப வந்தது. நவம்பரில் எடுத்த திகதி ஜனவரிக்குத்தான் கிடைத்தது.

இது அசட்டை அல்ல. திக்கலின் இயல்பே பெற்றோரை ஏமாற்றுவது. அது ஒரே அளவில் நிற்காது. இரண்டு கிழமை கடுமை, மூன்று கிழமை சுத்தம், பிறகு திரும்பக் கடுமை. நல்ல கிழமையில் 'மாறிவிட்டது' என்று திகதியை விட்டுவிடுவதும், மோசமான கிழமையில் அவசரமாகத் திகதி தேடுவதும், அது கிடைக்கும்போது மறுபடி நல்ல கிழமையாக இருப்பதும் வழக்கம். எனவே திகதி கிடைத்தால் பிள்ளை அன்று எப்படிக் கதைத்தாலும் போக வேண்டும். வைத்தியசாலையில் திக்காவிட்டாலும் பரவாயில்லை, வீடியோ போதும்.

தானாக மாறும் என்று அயலவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. நூறு பிள்ளைகளில் குறைந்தது ஐந்து பேர் சிறுவயதில் ஒரு காலம் திக்குகிறார்கள். வளர்ந்தோரில் நூறில் ஒருவருக்குத்தான் மிஞ்சுகிறது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் மாறிவிடுகிறது. ஆனால் மாறுவதற்கு எடுக்கும் காலம் பலர் நினைப்பதைவிட நீளம். மெல்பேர்னில் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளில், திக்கத் தொடங்கி 12 மாதத்துக்குள் முழுதாக மாறியவர்கள் 6.3 சதவீதம் மட்டுமே என்று 2013இல் அறிக்கையிட்டார்கள். மற்றவர்களில் பலர் அதற்குப் பிந்திய ஆண்டுகளில் மாறுகிறார்கள். யார் மாறுவார், யார் மாறமாட்டார் என்று ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல இன்றுவரை வழி இல்லை.

சாய்வு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லலாம். ஆண்பிள்ளை, பரம்பரையில் திக்கல் மாறாமல் வளர்ந்த ஒருவர், மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியது, தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மாதமாகியும் குறையாதது, மற்ற ஒலிகளை உச்சரிப்பதிலும் பின்னடைவு. இவை கூடக் கூட நிலைத்துவிடும் சாத்தியம் கூடுகிறது. சின்னவனுக்கு இதில் மூன்று உண்டு. கவனியுங்கள், திக்கலின் கடுமை இந்த வரிசையில் இல்லை. தொடக்கத்தில் முகம் சிவக்க அடைபடும் பிள்ளை முழுதாக மாறிவிடலாம், மெல்லத் திக்கும் பிள்ளை இருபது வயதிலும் திக்கலாம். 'லேசாகத்தானே இருக்கிறது' என்று காத்திருப்பது அதனால்தான் தவறான கணக்கு.

எண்ணிக்கை

எல்லாத் தடுமாற்றமும் திக்கல் அல்ல. "நான் வந்து… நான் நேசரியில…" என்று சொற்றொடரைத் திருப்புவதும், "அது… அது வந்து" என்று இழுப்பதும், சொல்லத் தொடங்கியதை மாற்றிச் சொல்வதும் இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. இரண்டு மூன்று மொழிக்குள் வளரும் பிள்ளையிடம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதைத் திக்கல் என்று தவறாக எண்ணுவதும் நடக்கிறது.

திக்கல் சொல்லுக்குள்ளே நடக்கிறது. மூன்று வகை. ஒலி அல்லது அசை திரும்புதல்: "எ-எ-எ-எனக்கு". ஒலி நீளுதல்: "ஸ்ஸ்ஸ்ஸோறு". மூன்றாவது அடைப்பு: வாய் சொல்லுக்குத் தயாராக நிற்கும், ஒலி வராது, கழுத்து இறுகும், பிறகு வெடித்து வரும். பெற்றோர் அதிகம் தவறவிடுவது இந்த மூன்றாவதை. சத்தம் இல்லாததால் பிள்ளை யோசிக்கிறான் என்று நினைத்துவிடுகிறார்கள். பொதுவாக வாக்கியத்தின் முதற் சொல்லில்தான் இவை கூடுதலாக விழும்; வாக்கியம் நீளநீள விழும் வாய்ப்பும் கூடும்.

எண்ணும் முறை எளிது, ஆனால் ஒரு விதி மறக்கக்கூடாது. "எனக்கு ஐஸ்கிரீம் வேணும்" என்பது எட்டு அசை: எ-னக்-கு, ஐஸ்-கி-ரீம், வே-ணும். பிள்ளை "எ-எ-எ-எனக்கு ஐஸ்கிரீம் வேணும்" என்றாலும் அது எட்டு அசைதான், திக்கல் ஒன்று. திரும்பிய துண்டுகளை அசையாகச் சேர்த்தால் மொத்தம் பெருகி, சதவீதம் குறைந்து தெரியும்.

சிகிச்சை அறையில் பஸ் பொம்மைகளோடு விளையாடும்போது 300 அசை எடுத்தோம்: 11 திக்கல், 3.7 சதவீதம். வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் அம்மா எடுத்த வீடியோவில் 200 அசைக்கு 19, அதாவது 9.5 சதவீதம். இரண்டில் எது உண்மை? இரண்டும். அக்காவோடு போட்டி போட்டுக் கதைக்கும் மேசையும், ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு கேட்கும் அமைதியான அறையும் ஒன்றல்ல. அறை எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் லேசான வகை என்று எழுதி, ஆறு மாதத்தில் வாருங்கள் என்று அனுப்பியிருப்போம்.

எண்ணுக்கு வெளியே இரண்டு விடயம். அடைபடும்போது கண்ணை இறுக்கி, வலக்காலை நிலத்தில் அடித்தான். நவம்பரில் ஒருநாள் அம்மாவிடம் "என்ர வாய் வேலை செய்யுதில்லை" என்றிருக்கிறான். அதன் பிறகு கடையில் எதுவும் கேட்பதில்லை. அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்து விரலால் காட்டுகிறான். நான்கு வயதுக்கு முன்னரே இது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது, காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு எங்களைப் பொறுத்தவரை பதில்.

கேட்டல் பரிசோதனை செய்தோம், சரி. வசனங்கள் வயதுக்கேற்ற நீளம். 'ர' இன்னும் தெளிவில்லை, இந்த வயதில் அது குறையல்ல. மூளை ஸ்கேன் தேவையில்லை. தலையில் அடிபட்ட பின், வலிப்பின் பின், கைகால் சோர்வோடு, அல்லது பெரிய பிள்ளைக்குத் திடீரெனத் தொடங்கினால் மட்டும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓரிரு நாளில் திடீரெனத் தொடங்குவது சாதாரணமே.

வீட்டில் இருந்த விளக்கங்கள்

மாமாவைப் பார்த்துப் பழகவில்லை. மாமாவிடம் உள்ளதில் ஒரு பங்கு பரம்பரையாக வந்திருக்கிறது. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளை இணைப்புகளில் உள்ள சிறு வேறுபாடு இது. 2010இல், பாகிஸ்தானியக் குடும்பங்களை வைத்துத் தொடங்கிய ஆய்வொன்றில் இதனோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. எல்லாப் பிள்ளைக்கும் அவை காரணமல்ல, ஆனால் பயமோ ஏக்கமோ வளர்ப்போ இதை உண்டாக்குவதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. ஏற்கெனவே உள்ள திக்கலைப் பரபரப்பும் களைப்பும் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

நேசரி ஆசிரியை சொன்ன யோசனை, வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் கதையுங்கள் என்பது. அப்பா அதை ஒரு மாதம் செய்து பார்த்திருக்கிறார். விளைவு, அம்மம்மாவோடு பிள்ளை கதைப்பது பாதியானது, திக்கல் அப்படியே. மொழியைக் குறைத்தால் திக்கல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் சந்திப்பிலேயே தமிழைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னோம்.

அம்மம்மா வசம்பு உரைத்து நாக்கில் தடவியிருந்தார். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, அக்கறையில் செய்தது. ஆனால் திக்கல் நாக்கில் இல்லை. வசம்பு கூடினால் வாந்தி வரும், நிறுத்தச் சொன்னோம். நாக்குக் கட்டு வெட்டுவதும், வாயில் கூழாங்கல் போட்டுக் கதைக்க விடுவதும், திடுக்கிட வைப்பதும் இதே கணக்கு.

"கண்டுகொள்ளாமல் விடுங்கோ, சொன்னால் கூடும்" என்பது இன்னொன்று. இதற்கு ஒரு பின்கதை உண்டு. திக்கல் பிள்ளையின் வாயில் அல்ல, பெற்றோரின் காதில்தான் தொடங்குகிறது என்று அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பேச்சுக் குறைபாடுகளை ஆராய்ந்த வெண்டல் ஜோன்சன் நம்பினார். 1939இல் அவரது மேற்பார்வையில் டாவன்போர்ட் அநாதை இல்லப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. நன்றாகக் கதைத்த சிலரிடமே 'நீ திக்குகிறாய்' என்று சொல்லிச் சொல்லி வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குபவர்களாக மாறவில்லை. கதைக்கவே கூச்சப்படுபவர்களாக ஆனார்கள். பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. ஜோன்சனின் கருத்து கைவிடப்பட்டாலும் அவரது புத்திமதி கடல் கடந்து எங்கள் வீடுகள் வரை வந்து நிற்கிறது. குற்றம் சொல்லும் தொனியில் சொன்னால் பிள்ளை ஒடுங்கும் என்பது சரி. அன்பான தொனியில் "அந்தச் சொல் கொஞ்சம் கஷ்டப்படுத்திப்போட்டுது, என்ன?" என்று சொன்னால் கூடுவதில்லை. எல்லோரும் காணாததுபோல் இருந்தால், பேசக்கூடாத ஏதோ ஒன்று தன்னிடம் இருப்பதாகப் பிள்ளை எடுத்துக்கொள்கிறான்.

சிகிச்சையைத் தெரிந்தெடுத்தது

ஆறு வயதுக்குக் கீழே இரண்டு பெரிய வழிகள். ஒன்று, வீட்டுப் பேச்சுச் சூழலின் வேகத்தையும் சுமையையும் குறைப்பது. மற்றது, பெற்றோர் வீட்டில் தினமும் கொடுக்கும் லிட்கோம் முறை. உறவினர் பலர் குடியேறிய மேற்குச் சிட்னியில் உள்ள ஊரின் பெயர் அது, 1980களில் அங்கே உருவானது. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. 18 மாத முடிவில் இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே நிலை. எனவே எது உயர்ந்தது என்று சண்டை தேவையில்லை. இந்த வீட்டில் அம்மா தினமும் கால்மணி நேரம் ஒதுக்கக்கூடியவர், அளவெடுத்து எழுதும் பழக்கம் உள்ளவர். லிட்கோமைத் தெரிந்தெடுத்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வேலை செய்யும் பேச்சு சிகிச்சையாளர் கொழும்பிலேயே குறைவு. இந்த முறையில் சிகிச்சையைக் கொடுப்பது பெற்றோர், அதுவும் வீட்டு மொழியில். பெற்றோரோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் கதைக்கும் சிகிச்சையாளரும் இதைக் கற்றுக்கொடுக்க முடியும். சத்தமில்லாத அடைப்பை வேறு மொழியில் பிடிப்பது கடினம் என்பதால் வீடியோவை அம்மாவோடு சேர்ந்தே பார்க்க வேண்டும்.

ஆனால் இதை வாசித்துவிட்டு வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. ஏன் என்பது கீழே வரும் தவறுகளில் தெரியும்.

முதல் வேலை, தினமும் இரவு ஒரு புள்ளி: 0 என்றால் திக்கலே இல்லை, 1 மிக மிக லேசு, 9 மிகக் கடுமை. அன்றைய நாளின் மோசமான நிமிடத்துக்கல்ல, அன்றைய நாள் பொதுவாக இருந்த விதத்துக்கு. முதல் கிழமை அம்மா 6 போட்ட நாளில் அப்பா 3 போட்டார். அப்பா புறக்கோட்டைக் கடையிலிருந்து வரும்போது இரவு எட்டு மணி, பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இரண்டு வசனம்தான் கதைப்பான். மூன்று வீடியோவுக்கு இருவரும் தனித்தனியே புள்ளி போட்டு, வித்தியாசம் ஒன்றுக்குள் வரும்வரை பழக்கினோம். அதன்பின் அம்மாவின் புள்ளியே கணக்கு.

இரண்டாவது, தினமும் 10 முதல் 15 நிமிடப் பயிற்சி நேரம். காலை வான் வருவதற்கு முன், தங்கச்சி தூங்கும்போது. படப் புத்தகம், லெகோ, பஸ் படங்கள். வேலை பிள்ளையை மெதுவாகக் கதைக்கப் பண்ணுவதல்ல. திக்காமல் கதைக்கக்கூடிய நீளத்தில் பேச்சை வைத்திருப்பது. அந்த நேரத்தில் 0, 1 தான் விழ வேண்டும். விழாவிட்டால் கேள்வியைச் சுருக்க வேண்டும். "என்ன நடக்குது சொல்லுங்கோ" என்பதை விட்டு "இது பஸ்ஸோ வானோ?" என்று கேட்டால் பதில் ஒரு சொல். நன்றாகப் போனால் "பஸ் எங்க போகுது?" பிறகு கதை.

இடையிடையே தடையில்லாத பேச்சைக் குறிப்பிட்டுச் சொல்வது: "வழுவழு எண்டு வந்தது!", "ஒரு தடக்கும் இல்லை." சில வேளை அவனையே கேட்பது: "அது எப்பிடி வந்தது?" இது நிலைத்த பிறகுதான் திக்கிய சொல்லைத் தொடுவது: "அதில ஒரு சின்னத் தடக்கு", இன்னும் பிந்தி, "திருப்பிச் சொல்லிப் பாப்பமோ?" பாராட்டு ஐந்துக்குத் தடக்கு ஒன்று என்ற விகிதத்தை மீறக்கூடாது. தடக்கு என்ற சொல் சின்னவனே தெரிந்தெடுத்தது; அவன் ஓடி விழும்போது அம்மம்மா சொல்வது.

பிழைத்த இடங்கள்

முதல் வாரச் சராசரி 6. மூன்றாம் வாரம் 5. அந்த வாரத்தில் சின்னவன் "சொல்லாதேங்கோ!" என்று புத்தகத்தை மூடினான். வீடியோவைப் பார்த்தால் காரணம் தெளிவு: பன்னிரண்டு நிமிடத்தில் அம்மா 40 தடவைக்கு மேல் "வழுவழு" சொல்லியிருக்கிறார், ஒரே தொனியில். பாராட்டு கடிகாரச் சத்தமாகிவிட்டது. பத்துக்குக் குறைத்து, சொல்லை மாற்றி, விளையாட்டை முன்னுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு நாளில் சரியானது.

ஐந்தாம் வாரம் வேறு சிக்கல். அக்கா கற்றுக்கொண்டாள். "தடக்கு! திருப்பிச் சொல்லு!" என்று சாப்பாட்டு மேசையில். அம்மம்மாவும் சேர்ந்து "மெதுவாக் கதை ராசா, மூச்சை இழுத்துப்போட்டுச் சொல்லு" என்றார். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் வீட்டளவில் தலைகீழாகிப் புள்ளி 7க்கு ஏறியது. தடக்கு பற்றிச் சொல்வது அம்மா மட்டும், அதுவும் பயிற்சி நேரத்தில் மட்டும் என்று மாற்றினோம். அக்காவுக்கு வேறு பொறுப்பு: தம்பி சொல்லி முடிக்கும்வரை இடையில் கதைக்காமல் இருந்தால் அவளுக்கு அடுத்த முறை. அம்மம்மாவிடம் கேட்டது ஒன்றே, அவன் கதைக்கும்போது கையில் உள்ள வேலையை விட்டு முகத்தைப் பார்க்கச் சொன்னோம். மூச்சை இழு, மெதுவாகச் சொல் என்பதெல்லாம் உதவாது. திக்குவது தன் குற்றம் என்ற எண்ணத்தைத்தான் கொடுக்கும்.

ஒன்பதாம் வாரம் 3இல் நின்றுவிட்டது. பதினொன்றிலும் 3. பயிற்சி நேரத்தில் 0, மற்ற வேளையில் 3. மருந்துபோல் காலையில் கொடுத்துவிட்டு நாள் முழுக்க மறந்திருந்தார்கள். பாராட்டைக் குளிக்கும்போதும், படியேறும்போதும், கடற்கரைப் பக்கம் ரயில் பார்க்கும்போதும் சிதறவிட்டதும் இறங்கத் தொடங்கியது: 12ஆம் வாரம் 2, 13இல் 1.

14ஆம் வாரம் சித்திரைப் புத்தாண்டு. யாழ்ப்பாணத்தில் பத்து நாள், பதினொரு மச்சான் மச்சாள்மார். புள்ளி 5. அம்மா அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார். இதற்கு எதுவும் புதிதாகச் செய்யவில்லை; பயிற்சியை எட்டு நிமிடமாக்கி, கிணற்றடியில் தனியே வைக்கச் சொன்னோம். திரும்பி வந்து ஒரு கிழமையில் 2.

16ஆம் வாரம் எல்லாம் சரி என்று அப்பா நினைத்தார், வருவதை நிறுத்தலாமா என்று கேட்டார். சந்திப்புகளைத் தூரமாக்கும் இரண்டாம் கட்டத்துக்குப் போக ஒரு வரம்பு உண்டு: வீட்டுப் புள்ளி எல்லாம் 0 அல்லது 1, வாரத்தில் குறைந்தது நான்கு நாள் 0, அறையிலும் அப்படியே, இது தொடர்ந்து மூன்று வாரம். சின்னவன் அதை எட்டியது 20ஆம் வாரத்தில், மே கடைசியில்.

இரண்டாம் கட்டம்

இதைத்தான் அதிகம் பேர் கைவிடுகிறார்கள், பிள்ளை நல்லாகக் கதைக்கிறான் என்பதால். சந்திப்புகள் தூரமாகும்: 2 வாரம், 2, 4, 4, 8, 8, 16. ஒவ்வொன்றிலும் வரம்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு படி பின்னால். அம்மாவின் பாராட்டும் மெல்லக் குறைய வேண்டும், ஒரே நாளில் அல்ல. 22, 24, 28, 32, 40 ஆகிய வாரங்கள் ஒழுங்காகப் போயின.

48ஆம் வாரம், டிசம்பர் தொடக்கம். நேசரிக் கலைவிழா முடிந்த கையோடு வந்தார்கள். மேடையில் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், அங்கே ஒரு திக்கலும் இல்லை. சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் விழாதது இதன் நன்கறிந்த இயல்பு. ஒத்திகையால் மூன்று கிழமை பிந்திய தூக்கம், வீட்டில் புள்ளி 2, 3. அடுத்ததை 16 வாரத்துக்குத் தள்ளாமல் நான்கு வாரத்தில் கூப்பிட்டோம், காலைப் பயிற்சியை வாரம் மூன்று நாளாகத் திரும்பத் தொடங்கினோம். ஜனவரியில் 0. பிறகு மூன்று மாதம் கடந்து, 64ஆம் வாரம், ஏப்ரல்: மாதம் முழுவதும் ஒரே ஒரு 1. 300 அசையில் திக்கல் இல்லை.

அடுத்த ஜனவரியில் முதலாம் தரம். அங்கே திரும்ப வராது என்ற உறுதியை எவரும் கொடுக்க முடியாது. வந்தால் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறோம். ஆறு வயதுக்குப் பிறகு இதே முறை இவ்வளவு இலகுவாக வேலை செய்வதில்லை. வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் தயார்: அவனுக்காகச் சொல்லி முடிக்க வேண்டாம், வாசிப்பிலிருந்து விலக்கி வைக்கவும் வேண்டாம், பதில் தெரிந்து கை உயர்த்தினால் கேளுங்கள்.

எப்போது, எங்கே

ஆறு மாதம் கடந்த எந்தத் திக்கலும் ஒரு பேச்சு சிகிச்சையாளர் பார்க்க வேண்டியது. பரம்பரையில் உண்டு என்றால், சத்தமில்லாத அடைப்பும் முகமிறுக்கமும் இருந்தால், பிள்ளை தானே அதைச் சொன்னால் அல்லது கதைப்பதைத் தவிர்த்தால் ஆறு மாதம் பார்க்கத் தேவையில்லை, அந்தக் கிழமையே திகதி எடுக்கலாம். பார்த்த உடன் சிகிச்சை தொடங்கும் என்றில்லை. மூன்று வயதுக்குக் கீழே பல வேளை அளவெடுத்துக் கவனிப்பதுதான் முதல் வேலை. திகதிக்கே மாதங்கள் போகும் ஊரில், காத்திருக்கும் காலத்தை வரிசையில் நின்றபடி காத்திருப்பது நல்லது.

கொழும்பில் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை, களுபோவிலை போதனா வைத்தியசாலை முதலிய அரச நிலையங்களில் கட்டணமில்லை. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வெளிநோயாளர் பிரிவிலோ கடிதம் பெற்றுப் போகலாம். தனியாரிடம் போனால் பட்டத்தைக் கேளுங்கள். இந்நாட்டில் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பு ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. இரண்டு மாதத்தில் முழுதாக மாற்றித் தருவதாக விளம்பரம் செய்பவரிடம் போக வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, இரண்டு நிமிட வீடியோ மூன்று, அதில் ஒன்றாவது மோசமான நாளில், பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்தது. தொடங்கிய மாதம். குடும்பத்தில் யார் திக்கினார், எந்த வயதில் மாறியது அல்லது மாறவில்லை என்பதும் வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் பெற இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டிவரும். சின்னவனின் அப்பப்பாவும் பத்து வயது வரை திக்கினார் என்பது 40ஆம் வாரத்தில்தான் வெளியே வந்தது.

தங்கச்சிக்கு இப்போது இருபது மாதம். "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்க்கிறாள். பெண்பிள்ளைக்குச் சாத்தியம் குறைவு, ஆனால் இரு பக்கத்திலும் பரம்பரை உண்டு. அம்மா மாதம் ஒரு வீடியோ எடுத்து, மாதப் பெயரிட்டுத் தனிக் கோப்பில் போடத் தொடங்கியிருக்கிறார்.